அழுத பால்

என் பாலில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று வருஷக்கணக்காய் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் வந்து அப்படி முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் முதல் பிள்ளை, ஏழாம் மாதத்தில் பிறந்த பெண் பிள்ளை, குடல் அழுகிச் செத்தது. அதன் வயிற்றுக்குள் போனது நான் பிழிந்து அனுப்பிய பால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

நானும் அக்காவும் கரடியனாற்றில் பிறந்தவர்கள். அப்பாவிடம் எருமைகள் நின்றன. எங்கள் வீட்டுத் தயிர் சட்டி சட்டியாய் டவுனுக்குப் போகும். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு சீதனமாய்ப் பெண்பிள்ளைக்குத்தான். எங்கள் ஊர் இருக்கிற படுவான்கரையில் எந்த நேரம் ஷெல் விழும் என்று தெரியாத காலம் என்பதால், அப்பா மாடுகளில் பாதியை விற்று, வாவிக்கு அந்தப் பக்கம், கடலோரக் கல்லடியில் காணி வாங்கி எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டித் தந்தார். "கடல் என்ன செய்யப்போகுது, வந்து சண்டையா பிடிக்கப்போகுது?" என்றார். பாவம் மனிசன்.

சுனாமி வந்த காலை நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வாசலால் வரவில்லை, சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. என்னைத் தலைமுடியில் பிடித்து இழுத்துப் பக்கத்து மாடி வீட்டுப் படிக்கட்டில் ஏற்றியவள் அக்கா. வயிற்றுப் பிள்ளைக்காரியை ஒற்றைக் கையால் இழுத்தாள். அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் போவதில்லை. அவளைப் பற்றி நான் இனி எழுதப்போவதைப் படிக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைத் தகரமொன்று என் காலைக் கிழித்துவிட்டுப் போனது. என்னோடு தங்கி டவுன் கடையொன்றில் வேலை பார்த்த எங்கள் தம்பியை வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் இருந்து பிணமாய் எடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் முகாமாயிற்று. மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி, ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள் கிடந்தோம். வந்து இறங்கிய நிவாரணச் சாமான்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மட்டக்களப்பு வெக்கைக்குக் கம்பளிச் சட்டை. நிற்க வீடில்லாதவளுக்குக் குதி உயர்ந்த செருப்பு. பெட்டி பெட்டியாய், பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மா டின்கள். அவற்றில் எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து, கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படம். கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் கிடைத்ததை அள்ளி அனுப்பியிருக்கிறார்கள்.

அங்கேதான் எனக்கு நோவு கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கையோடு பிள்ளை பிறந்துவிட்டது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. தோல் அப்படியே உள்ளே இருப்பதைக் காட்டியது. ஒருமுறை காட்டினார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான். என் கால் புண்ணில் சீழ் பிடித்திருந்ததால் அந்த அறைக்குள் என்னை விடவில்லை. வாட்டில் கட்டில் இல்லை, தரையிலும் இடம் இல்லை. முகாமுக்கு வருகிற டொக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். போகும்போது மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு மூடி போட்ட கோப்பையைக் கையில் தந்து, அவித்த கோப்பையில் பிழிந்து, குளிர வைத்து, காலையும் பின்னேரமும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னார். "ஒரு சொட்டெண்டாலும் அனுப்புங்க. அதுதான் இந்தப் பிள்ளைக்கு மருந்து," என்றார்.

நான் தம்பியை நினைத்து ஓயாமல் அழுதுகொண்டிருந்தேன். அழுதபடியே பிழிந்தேன். முதல் நாள் மஞ்சளாய்க் கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"அழுத பாலைக் குடுக்காத புள்ள. செத்த வீட்டுத் துடக்கும் கழியல்ல. உன்ட மார்பில இருக்கிறது பாலில்ல, கண்ணீர்."

எங்கள் ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. துக்கத்தில் அழுகிற, தீட்டுக் கழியாத தாயின் பால் பிள்ளைக்கு ஆகாது, வயிறு ஊதும் என்பார்கள். அக்காவுக்கு அது வேதவாக்கு. எனக்கு வந்ததே கோபம்.

"மிஸ்ஸி சொன்னவ குடுக்கச் சொல்லி. நீ என்ன டொக்டரா?"

"நான் மூண்டு பெத்தவள். மூண்டும் நிமிர்ந்து நிக்குது."

"உன்ட பிள்ளைகளுக்கு நீ என்னத்தையும் குடு. என்ட பிள்ளைக்கு என்ட பால்தான்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, "சரி, தா. கொண்டு போறன்," என்று கையை நீட்டினாள். அக்கா ஒரு வாக்குவாதத்தில் தோற்றதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமையாய்க்கூட இருந்தது. அவள் கோப்பையைத் துணியில் சுற்றி, கடன் வாங்கிய சைக்கிளின் கூடையில் வைத்துக்கொண்டு வாவிப் பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரி இருக்கிற புளியந்தீவுக்குப் போவாள். திரும்பி வந்து, கண் திறந்தாள், கையை ஆட்டினாள், குழாயால் பால் இறங்குது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லுவாள். அவள் சொல்லுகிறதைக் கேட்கவே நான் நாள் முழுக்கக் காத்துக்கிடப்பேன். பால் நன்றாய்ச் சுரக்கத் தொடங்கியது. முகாமில் கிடைத்த சோற்றை வேண்டாவெறுப்பாய்த் தின்றதுகூட அதற்காகத்தான்.

பிறகு ஒரு நாள் அக்கா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து சொன்னாள். பிள்ளையின் வயிறு வீங்கிவிட்டது. மூக்கில் விட்ட குழாயால் பச்சையாய்த் திரும்பி வருகிறது. மலத்தில் இரத்தம். நான் காலை இழுத்துக்கொண்டு, அவர் தாங்கிப் பிடிக்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் என்றால் என் புருசன். நெல் ஆலையில் வேலை செய்தவர். அன்றைக்கு மட்டும் என்னைக் கண்ணாடி வரைக்கும் விட்டார்கள். அந்த வயிறு நீலம் பாரித்து, மினுமினுத்து, தோல் வெடித்துவிடும்போல இருந்தது. மற்றக் கை கால் எல்லாம் ஈர்க்குச்சி.

டொக்டர் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். குறைமாதப் பிள்ளைகளின் குடலுக்கு வருகிற நோய் இது, குடல் உள்ளுக்குள்ளேயே அழுகும் என்றார். "தாய்ப்பாலைத் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா? சீனித் தண்ணி, தேன், பால்மா? மறைக்காமச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல, டொக்டர். என்ட பால் மட்டும்தான்," என்றேன்.

"ஓம். பால் மட்டும்தான்," என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

என் புருசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். துக்கம் என்று நினைத்தேன்.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் சிலவேளை வரும் என்று டொக்டர் சொன்னார். கொழும்புக்கு அனுப்ப வேண்டும், ஆனால் பிள்ளை வழியைத் தாங்காது என்றும் சொன்னார். அதை முடிவு செய்யும் வேலையைப் பிள்ளை யாருக்கும் வைக்கவில்லை. அன்று பொழுது சாய முதல் போய்விட்டாள். அவளுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

பிள்ளை போனது மார்புக்குத் தெரியாதே. கல்லாய்க் கட்டி, சட்டை நனைந்து வழிந்துகொண்டிருந்தது. பாலை வற்றப் பண்ண மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். ஊரே கடலில் போய்க் கிடந்த நேரத்தில் அக்கா எங்கோ அலைந்து பூப் பறித்து வந்தாள். தன் கையால் பரப்பி, தன் பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அவளுடைய கண்ணீர் என் தோளில் விழுந்தது. என் துக்கத்தை இவளைப் போல யார் சுமப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் மேல் சாய்ந்திருந்தேன்.

முகாமில் கதை பரவியது. "தமக்கைக்காரி அப்பவே சொன்னா, அழுத பால் ஆகாதெண்டு. இவதான் கேக்கல்ல." தண்ணீர் கொண்டு வருகிற பவுசர் லொறிக்கு வாளியோடு வரிசையில் நிற்கும்போது என் காது படவே பேசினார்கள். அக்காவும் அதே வரிசையில் நின்றாள். ஒருத்தி அவளைப் பார்த்தே, "நீங்க அண்டைக்கே சொன்னீங்கதானே?" என்று கேட்டாள். அக்கா வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு முகாமும் தெரியாது, யாரோ கட்டித் தந்த புது வீடும் தெரியாது. வீடு வந்தது, கதவு வந்தது, நான் சமைத்தேன், கூட்டினேன். படுவான்கரையில் மீண்டும் சண்டை மூண்டது, அப்பா மாடுகளை விட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தார், பிறகு சண்டை வடக்கே போனது. யாராவது கைப்பிள்ளையை என் மடியில் வைக்க வந்தால் எழுந்து போய்விடுவேன். பெரிய கோவக்காரி என்று பெயரெடுத்தவளுக்குக் கோபமே வராமல் போயிற்று. அக்கா கிழமை தவறாமல் மீன் கொண்டு வந்து, கழுவி, சமைத்தும் தந்துவிட்டுப் போவாள்.

மறுபடி வயிற்றில் தங்கி, போர் முடிந்த வருஷம் மறுபடி மாதம் நிரம்ப முதல் பிறந்தது. ஆண் பிள்ளை. முந்தியவளைவிடக் கொஞ்சம் தேறியவன், ஆனாலும் அதே கண்ணாடிப் பெட்டிதான். இந்த முறை என்னை உள்ளே விட்டார்கள், பக்கத்திலேயே தங்கச் சொன்னார்கள். மிஸ்ஸி கோப்பையைக் கொண்டு வந்தார். நான் வாங்கவில்லை.

"என்ட பால் வேணாம். பால்மா குடுங்க."

பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் இளம் பொம்பிளை. என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டார். பிறக்கும்போது பிள்ளையின் குடலில் கிருமி இல்லை என்று சொல்லலாம், பிறந்த பிறகுதான் நல்லதும் கெட்டதுமாய் உள்ளே குடியேறும் என்றார். தாய்ப்பால் நல்ல கிருமிக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கும், கெட்டதை அண்ட விடாது, பழுக்காத குடலுக்கு மேல் பூச்சுப்போலக் காவல் நிற்கும். அது இல்லாவிட்டால் கெட்டது பெருகி, குடல் சுவரைத் தின்னத் தொடங்கிவிடும்.

எனக்கு விளங்காமல் இல்லை. நான் தயிர்க்காரன் மகள். ஒரு துளி நல்ல உறை முழுச் சட்டியையும் தயிராக்கும், ஒரு துளி கெட்டது முழுச் சட்டியையும் நாறப் பண்ணும். நான் அந்தக் கெட்ட உறை என்பதுதான் என் நினைப்பு. "நீங்க சொல்லுறது மற்றத் தாய்மாருக்கு," என்றேன். "நான் ஒண்டைச் சாகடிச்சிட்டு வந்திருக்கன்." டொக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பின்னேரம் வரை யோசிக்கச் சொல்லி, அதுவரைக்கும் பிள்ளைக்குச் சேலைனை மட்டும் விட்டு வைத்தார். நான் அக்காவுக்கு ஆள் அனுப்பினேன், மல்லிகைப்பூ கொண்டு வரச் சொல்லி.

அன்றுதான் சண்டை முடிந்தது என்று சொன்னார்கள். சந்தியில் ஆமிக்காரர் பட்டாசு வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பெட்டிக்குள் பிள்ளைகள் கையை விரித்துத் திடுக்கிட்டன. தாய்மார் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். வடக்கே சொந்தக்காரர் இருந்தவர்கள் அழவும் பயந்தார்கள். அக்கா சோதனைச் சாவடிகளில் எல்லாம் நின்று நின்று வந்து சேர்ந்தாள். வெறுங்கையோடு வந்தாள்.

"பூ எங்க?"

"கொண்டு வரல்ல. நீ பாலைக் குடு."

"இன்னொண்டையும் சாகடிக்கச் சொல்லுறியா?"

அக்கா கை கழுவுகிற குழாயடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தப் பிள்ளை உன்ட பாலைக் குடிக்கவே இல்ல."

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொன்றாய் ஏறியது. நிவாரணப் பெட்டியில் வந்த பால்மா. பவுசர் தண்ணீரில் கரைத்து அதே கோப்பையில் ஊற்றிக்கொண்டு போயிருக்கிறாள். தாய்ப்பால்தானே என்று மிஸ்ஸி கேட்கும்போதெல்லாம் ஓம் என்றிருக்கிறாள்.

"என்ட பாலை என்ன செஞ்ச?"

"பாலத்தில நிண்டு ஊத்தினன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். படத்தில அந்தப் பிள்ளை அப்படிக் கொழுத்துப்போய் இருந்திச்சு. அழுத பாலைவிட அது நல்லம் எண்டு நினைச்சன். ஆசையிலதான் செஞ்சன், புள்ள."

ஆசையில்தான் செய்தாள். அதை நம்புகிறேன். அந்தத் தப்பை அன்றைக்கே சொல்லியிருந்தால், கத்திக் குழறி, ஒரு நாள் மன்னித்தும் இருப்பேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்யக்கூடிய தப்புத்தான் அது. டொக்டர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வரிசையில் சொல்லியிருக்கலாம். கிழமைக்கு ஒரு தரம் என் குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றாளே, அப்போது சொல்லியிருக்கலாம். "ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கல்லயே," என்றாள்.

அறைந்தேன். மூத்தவள், உயிரைக் காப்பாற்றியவள் என்று பார்க்கவில்லை. வெடிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவும் இல்லை. அவள் கன்னத்தைத் தடவவில்லை. "எனக்கு மட்டும் அடிக்காத," என்றாள். "டின்ன எடுத்து உடைச்சுத் தந்தது உன்ட புருசன். உனக்குச் சொல்ல வேணாம் எண்டதும் அவர்தான்."

நான் உள்ளே போய்க் கோப்பையைக் கேட்டு வாங்கினேன். அவசரத்தில் பிழிந்ததில் பாதி மடியில் போனது. கோப்பையோடு எழும்பியபோது அக்கா வாசலில் நின்று பழக்க தோஷத்தில் கையை நீட்டினாள். அவளைச் சுற்றிக்கொண்டு போய் நானே மிஸ்ஸியிடம் கொடுத்தேன். குழாயில் ஊற்றியது அது பாட்டில் இறங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த வயிற்றைப் பார்த்தபடி நின்றேன். அது வீங்கவில்லை. பச்சை வரவில்லை. என் மகன் என் பாலைக் குடித்து, தேறி, தோல் தடித்து, கத்தப் பழகினான்.

எல்லாவற்றையும் டொக்டரிடம் சொன்னேன். முந்திய பிள்ளை தாய்ப்பாலே குடித்திருந்தாலும் அந்த நோய் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம், யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பேச்சு. எனக்கு அந்த நேர்மை எந்த ஆறுதலையும் தரவில்லை. அவளுக்கு இருந்த ஒரு சந்தர்ப்பத்தை எடுத்து வாவியில் ஊற்றிவிட்டார்கள். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

அக்கா சொன்ன அன்று பின்னேரம், பார்வையாளர் நேரத்துக்கு என் புருசன் கஞ்சியோடு வந்தார். பிள்ளை பால் குடிக்கிறான் என்று கேட்டு முகம் மலர்ந்தார்.

"பால்மா டின்னை உடைச்சுக் குடுத்தது நீங்களா?" என்று கேட்டேன்.

அவர் கஞ்சிப் போத்தலின் மூடியைத் திறந்தார், திருப்பி மூடினார். "அது முடிஞ்ச கதை. இப்ப ஏன்?"

"தெரிஞ்சுகொண்டா பேசாம இருந்தீங்க?"

"உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது எண்டு நினைச்சன். பிள்ளை திரும்பியா வரப்போகுது?"

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மகளைப் புதைத்துவிட்டு வந்த அன்று, வகுப்பறையில், எல்லாருக்கும் முன்னால், நான் இந்த மனிசனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தேன். என்ட பாலால உங்கட பிள்ளையச் சாகடிச்சிட்டன், என்னை மன்னிச்சிடுங்க என்று கதறியிருந்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, "விடு, நான் மன்னிச்சிட்டன்" என்றார்.

"அண்டைக்கு ஏன் என்னை மன்னிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீ அழுதாய். நான் வேற என்னத்தச் சொல்ல?" என்றார்.

அந்த மன்னிப்புக்காக நான் அவருடைய பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்திருக்கிறேன். இப்படி ஒரு பெரிய மனசு யாருக்கு வரும் என்று முகாம் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.